மறுமொழிக்கு இடம் எங்கே?

திறனாய்வு என்றதும் கவிதை, சிறுகதை, புதினம் என்ற வட்டத்துக்குள் நின்றுவிடுவது நம் வழக்கம். அரசின் திட்ட அறிக்கைகளை யாரும் இலக்கியமாகக் கருதுவதில்லை. அப்படிக் கருத வேண்டிய தேவையும் இல்லை. எனினும் ஒரு நூலிடம் நாம் கேட்கும் வினாக்கள் சிலவற்றை அவற்றிடமும் கேட்கலாம். இங்கே பேசுபவர் யார்? கேட்பவர் யார் என்று எண்ணிக்கொண்டு பேசுகிறார்? கேட்டவர் திரும்பப் பேசுவதற்கு இதில் இடம் விடப்பட்டிருக்கிறதா? இந்த மூன்று வினாக்களோடு மூன்று ஆக்கங்களை இம்முறை நாம் எடுத்துக்கொள்கிறோம். ஒன்று, 2023இல் சென்னை மாநகராட்சிக்காக வெளியிடப்பட்ட காலநிலைச் செயல்திட்டம். மற்றொன்று, 2017இல் வெளியான ‘சென்னை புறம்போக்கு பாடல்’. மூன்றாவது, மறைந்த திருத்தந்தை பிரான்சிஸ் 2015இல் எழுதிய ‘இறைவா உமக்கே புகழ்’ என்னும் சுற்றுமடல். இம்மூன்றையும் ஒரே தட்டில் வைப்பது முறையா என்று கேட்கலாம். இராயபுரத்தில் தொடங்கித் திருவொற்றியூர் வழியாக எண்ணூர் முகத்துவாரம் வரை நீளும் கரையில் நின்று படித்தால் மூன்றும் ஒரே தட்டில்தான் வந்து விழுகின்றன.

இப்படிப் படிக்கத் தூண்டியது அண்மைக் காலமாக அடிக்கடி காதில் விழும் ஒரு கூற்று. காலநிலை மாற்றத்தை எதிர்கொள்ள அரசுகள் வகுக்கும் கொள்கைகளை மக்கள் ஏற்றுக்கொள்ள மறுக்கிறார்கள், காரணம் அறியாமை, ஆகவே விழிப்புணர்வு ஊட்ட வேண்டும் என்பது அக்கூற்று. ‘விழிப்புணர்வு’ என்ற சொல்லுக்குள்ளேயே ஒரு குற்றச்சாட்டு ஒளிந்திருக்கிறது. கேட்பவர் உறங்கிக்கொண்டிருக்கிறார் என்பதே அது. அம்மோனியா நெடியில் திடுக்கிட்டு எழுந்து, குழந்தைகளைத் தூக்கிக்கொண்டு இரவில் வீதிக்கு ஓடிய பெரியகுப்பத்து மக்களை நோக்கி இதைச் சொல்ல யாருக்கு நா எழும்? 2023 டிசம்பர் 26 இரவு, உரத் தொழிற்சாலை ஒன்றின் கடலடிக் குழாயில் ஏற்பட்ட கசிவு அது. அதற்கு மூன்று வாரங்கள் முன்புதான், மிக்ஜாம் புயல் வெள்ளத்தோடு மணலி எண்ணெய்ச் சுத்திகரிப்பு ஆலையின் எண்ணெய் பக்கிங்காம் கால்வாய் வழியே கொசஸ்தலை ஆற்றில் கலந்து, முகத்துவாரத்தின் படகுகளையும் வலைகளையும் வீட்டுச் சுவர்களையும் கறுப்பாக்கியிருந்தது.

முதலில் செயல்திட்டத்தைப் பார்ப்போம். 2022 செப்டம்பரில் இதன் வரைவு மக்கள் கருத்துக்காக வெளியிடப்பட்டது. ஆங்கிலத்தில் மட்டுமே வெளியிடப்பட்டது. கருத்துக் கூறக் கொடுக்கப்பட்ட காலமோ மிகக் குறுகியது. எதிர்ப்பு எழுந்த பிறகே கால அவகாசம் நீட்டிக்கப்பட்டது. தமிழ் வடிவமும் வந்தது. தாமதமாகவேனும் வந்ததே என்று நன்றி கூறலாம். ஆனால் ஓர் ஆக்கம் முதலில் எந்த மொழியில் நினைக்கப்பட்டதோ அந்த மொழிக்காரரே அதன் முதற் கேட்பாளர். மற்றவர் பின்னால் சேர்க்கப்பட்டவர். இது சென்னைக்கு மட்டும் உரிய குறையன்று. சுற்றுச்சூழல் தாக்க மதிப்பீட்டு விதிகளைத் திருத்தும் வரைவை 2020இல் நடுவண் அரசு வெளியிட்டபோதும் ஆங்கிலமும் இந்தியுமே போதும் என்றிருந்தது. அட்டவணையில் உள்ள மற்ற மொழிகளிலும் அதை வெளியிடுமாறு டெல்லி உயர்நீதிமன்றம் சொல்ல வேண்டியதாயிற்று.

இனி அத்தகைய ஆவணங்களின் தமிழ். ‘தணிப்பு’, ‘தகவமைப்பு’, ‘தாங்குதிறன்’, ‘நிகரச் சுழிய உமிழ்வு’ ஆகியவை இன்று காலநிலை பற்றிய அரசுத் தமிழின் தூண்கள். இவை தவறான தமிழ் என்று நாம் கூறவில்லை. ஆனால் ‘தணிப்பு’ என்றால் நம் மக்கள் தாகத்தையும் சினத்தையும் நினைப்பார்கள். கரியமில வாயுவை நினைக்கமாட்டார்கள். ‘உமிழ்வு’ என்றால் எச்சில். ‘தகவமைப்பு’ என்ற சொல்லோ இன்னும் சிக்கலானது. சூழல் மாறும்போது அதற்கேற்பத் தன்னை மாற்றிக்கொள்வது என்பது அதன் பொருள். எண்ணூர்க் கழிமுகத்தில் இறால் குறைந்தபோது நண்டுக்கும், நண்டு குறைந்தபோது கூலி வேலைக்கும், ஆற்றுப் படுகையில் அனல்மின் நிலையச் சாம்பல் படிந்தபோது வேறு துறைக்கும் தங்களை மாற்றிக்கொண்டே வந்த மக்களிடம் இச்சொல் புதிதாக என்ன கேட்கிறது?

புதுச்சொல் என்பதற்காக மட்டும் ஒரு சொல் தோற்றுப்போவதில்லை. இதை நம் வாசகர்களுள் மூத்தோர் தம் வாழ்நாளிலேயே கண்டிருக்கிறார்கள். ‘சர்வேசுரன்’ என்று செபித்த வாய்கள் ‘இறைவன்’ என்று செபிக்கக் கற்றன. ‘பூசை’ திருப்பலியாயிற்று, ‘ஞானஸ்நானம்’ திருமுழுக்காயிற்று. இரண்டாம் வத்திக்கான் சங்கத்துக்குப் பின் வந்த இச்சொற்களைக் கேட்டு முதியோர் சிலர் முகஞ்சுளித்ததும் உண்டு. ஆயினும் அவை நிலைத்துவிட்டன. எதனால்? குருவானவர் மேடையிலிருந்து விளக்கவுரை ஆற்றியதால் அன்று. அந்தத் தமிழில் மக்களுக்கும் ஒரு பங்கு தரப்பட்டது. ஞாயிறுதோறும் அவர்கள் மறுமொழி கூறினார்கள். தம் வாயால் மறுமொழி சொல்லிப் பழகிய மொழியையே ஒரு சமூகம் தன்னுடையதாக ஏற்கிறது. செயல்திட்டத்தின் தமிழில் நாம் தேடிக் காணாதது இந்த மறுமொழிக்கான இடம். அதில் புள்ளிவிவரம் உண்டு, வரைபடம் உண்டு, 2050க்குள் நிகர உமிழ்வைச் சுழியமாக்குவோம் என்னும் இலக்கும் உண்டு. மக்கள் வருகிறார்கள், பாதிப்புக்கு உள்ளாகக்கூடியோர் என்ற வகைப்பாட்டில் வருகிறார்கள். பேசுபவராக வரவில்லை.

ஓர் எடுத்துக்காட்டைச் சற்று விரிவாகவே நோக்கலாம். ஐந்தாண்டுகளில் கடல்மட்டம் 7 சென்டிமீட்டர் உயரும், கரையில் 100 மீட்டர் வரை நீரில் மூழ்கும் இடர் உண்டு என்று அந்த வரைவு கணித்திருந்தது. மயிலாப்பூரில் அல்லது அடையாற்றில் இருந்து படிப்பவருக்கு இது எதிர்காலம் பற்றிய எச்சரிக்கை. இராயபுரத்திலும் திருவொற்றியூரிலும் இருந்து படிப்பவருக்கு இது பழங்கதை. பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் சென்னைத் துறைமுகத்துக்காகக் கடலுக்குள் கருங்கல் அணைகள் கட்டப்பட்டன. இக்கரையில் ஆண்டின் பெரும்பகுதி மணல் தெற்கிலிருந்து வடக்கு நோக்கி நகர்வது. அணை அந்த மணலை மறித்தது. தெற்கே மணல் சேர்ந்து மெரினா அகன்றது. வடக்கே வர வேண்டிய மணல் வராமற்போகவே கடல் கரையைத் தின்னத் தொடங்கியது. இராயப்பரின் பெயரைத் தாங்கிய ஊரில், அவரைப் போலவே வலையால் வாழ்ந்தவர்களின் வீடுகளும் வலை உலர்த்தும் மணலும் தலைமுறை தலைமுறையாகக் கடலுக்குள் போயின. இப்போது அங்கே கரை என்பது கொட்டிவைத்த பாறைதான்.

அம்மக்களிடம் சென்று, “புவி வெப்பமடைகிறது, கடல் உயர்கிறது, அதனால் உங்கள் கரை அழிகிறது” என்று மட்டும் சொன்னால் அவர்கள் நம்ப மறுப்பது இயல்பு. அறிவியலை அவர்கள் மறுக்கவில்லை. கதையின் முதற்பாதி விடுபட்டுவிட்டது என்கிறார்கள். கடல் உயர்வது உண்மை. அந்த உண்மை, துறைமுக அணை செய்ததை மூடிமறைக்கும் போர்வையாகவும் பயன்படக்கூடும் என்பதும் உண்மை. காற்றுக்குக் கொண்டல் என்றும் வாடை என்றும் கச்சான் என்றும், நீரோட்டத்துக்குத் தெண்டி என்றும் வன்னி என்றும் பெயரிட்டு வைத்திருக்கும் மக்களிடம் அந்த முதற்பாதியைக் கேட்டு எழுதியிருந்தால், அறிக்கையின் பிற்பாதியை அவர்களே நமக்கு விளக்கியிருப்பார்கள்.

மற்றொரு நினைவும் இக்கரையில் உண்டு. சென்னைத் துறைமுகத்தில் இறங்கிய நிலக்கரியின் தூசு இராயபுரம் பகுதியின் வீடுகளுக்குள்ளும் நுரையீரல்களுக்குள்ளும் படிந்துவந்தது. 2011இல் சென்னை உயர்நீதிமன்றம் அங்கே நிலக்கரியும் இரும்புத் தாதும் கையாளப்படுவதை நிறுத்தச் சொன்னது. இராயபுரம் மூச்சுவிட்டது. நிலக்கரி எண்ணூர்த் துறைமுகத்துக்குப் போயிற்று. இன்று அதன் பெயர் காமராசர் துறைமுகம். இராயபுரத்தில் வாழும் நம் உறவினர் பெற்ற நிம்மதி எண்ணூரில் வாழும் நம் உறவினரின் சுமையாயிற்று என்பதை நாம் எந்தப் பங்கின் மறையுரையிலும் கேட்டதில்லை. கொள்கைகள் தீமையை அகற்றுவதில்லை, வடக்கே தள்ளுகின்றன என்று எண்ணூர்க்காரர் ஒருவர் முடிவுக்கு வந்தால் அதை மறுக்க நம்மிடம் சான்று இல்லை.

இனிப் பாடல். டி. எம். கிருஷ்ணா பாட, கபேர் வாசுகி எழுத, ரதீந்திரன் பிரசாத் இயக்கத்தில் 2017 சனவரியில் வெளியான ‘சென்னை புறம்போக்கு பாடல்’ எண்ணூரின் சாம்பலுக்கும் புகைபோக்கிகளுக்கும் நடுவே படமாக்கப்பட்டது. ஆனந்தபைரவியில் தொடங்கும் இராகமாலிகை. சொற்களோ சென்னைத் தெருவின் சொற்கள். சபாக்களின் இசையும் குப்பத்தின் பேச்சும் ஒரே மூச்சில் வருவது கேட்போரை முதலில் திகைக்கச் செய்தது. இதன் பெருஞ்செயல், நாம் வசைச்சொல்லாக்கிவிட்ட ஒரு சொல்லைத் திருப்பி எடுத்ததுதான். வரி விதிப்புக்கு உட்படாத, ஊர் முழுமைக்கும் பொதுவான நிலம் என்பதே புறம்போக்கின் பொருள். ஆறும் குளமும் கழிமுகமும் மேய்ச்சல் நிலமும் அதில் அடங்கும். பொதுவானதை ‘ஒன்றுக்கும் உதவாதது’ என்று படித்த மனமே அங்கே நிலக்கரிச் சாம்பலைக் கொட்டும் மனமும். ஒரு சொல்லின் வீழ்ச்சியில் ஒரு நிலத்தின் வீழ்ச்சியைக் காட்டியதைப் போல எந்த அறிக்கையும் இதுவரை காட்டவில்லை. பாடல் வெளிவந்த அதே மாதம் 28ஆம் நாள், எண்ணூர்த் துறைமுகத்துக்கு அப்பால் இரு கப்பல்கள் மோதி எண்ணெய் கரையொதுங்கியதும், அதை மக்கள் வாளியால் அள்ளியதும் பாடலுக்கு யாரும் வேண்டாத ஓர் உரைவிளக்கமாக அமைந்துவிட்டன.

எனினும் ஒரு குறையை மறைப்பதற்கில்லை. பாடலில் ஒலிக்கும் குரல் ஒருவருடையதே. நகரத்தின் தென்பகுதியை நோக்கி வடபகுதிக்காக வாதாடும் குரல் அது. வாதாடுவதற்கும் ஆள் வேண்டும்தான். ஆனால் எண்ணூர் அதில் காட்சியாகவே நிற்கிறது. கவிஞரும் பாடகரும் நல்லெண்ணத்தோடு செய்ததையும் மாநகராட்சி கவனமின்றிச் செய்ததையும் ஒன்றாக்க நாம் முயலவில்லை. பாடல் கேட்போரை வெட்கப்படச் செய்கிறது. அறிக்கை அதையும் செய்யவில்லை.

மூன்றாவதாகச் சுற்றுமடல். இதைப் பற்றி எழுதும்போது நமக்குக் கூச்சமே மிகுகிறது. பிறரைத் திறனாய்வு செய்வது எளிது. காலநிலை அனைவருக்கும் பொதுவான நன்மை என்று கூறி, இப்புவியில் வாழும் ஒவ்வொருவரையும் பெயரிட்டழைப்பதுபோல் பேசத் தொடங்கும் இம்மடல், மண்ணின் அழுகுரலையும் ஏழையின் அழுகுரலையும் ஒன்றாகவே கேட்கப் பணிக்கிறது. இதன் 211ஆம் பத்தி அன்றாடச் சிறு செயல்களைப் பட்டியலிடுகிறது. நெகிழியைக் குறைத்தல், நீரைச் சிக்கனமாகப் பயன்படுத்தல், தேவையற்ற விளக்கை அணைத்தல், மரம் நடுதல் முதலியன. 183ஆம் பத்தி வேறொன்று சொல்கிறது. ஒரு தொழில் திட்டம் முடிவாகிய பின் சுற்றுச்சூழல் தாக்கத்தை மதிப்பிடுவது முறையன்று. தொடக்கத்திலேயே, எவருடைய அழுத்தத்துக்கும் உட்படாமல் அது செய்யப்பட வேண்டும். கலந்துரையாடலில் உள்ளூர் மக்களுக்குத் தனி இடம் உண்டு என்கிறது. 185ஆம் பத்தியோ, எதற்காக, ஏன், எங்கே, எவருக்காக, இடர் என்ன, செலவு என்ன, அதை யார் தாங்குவது என்று அடுக்கடுக்காகக் கேட்கச் சொல்கிறது.

நாம் எதை எடுத்துக்கொண்டோம்? 211ஐ எடுத்துக்கொண்டோம். ஆலய வளாகத்தில் மரக்கன்று நட்டோம்; நிழற்படம் எடுத்துப் பங்கு மடலில் வெளியிட்டோம். படைப்பின் காலத்தில் பாடல் போட்டி நடத்தினோம். இவை வேண்டாதவை அல்ல. ஆனால் 183ஆம் பத்தியை அன்பியக் கூட்டத்தில் வாசித்து, எண்ணூரில் அடுத்து என்ன வரப்போகிறது என்று கேட்ட பங்குகள் எத்தனை? ஒரு நூலின் இனிய பகுதியை மட்டும் மனப்பாடம் செய்து கடினமான பகுதியைத் தாண்டிச் செல்லும் மாணவரைப் போலவே நாம் இம்மடலைப் படித்திருக்கிறோம். திருத்தந்தையின் மடல் தன் வாசகரை மதித்து வினாத்தாளையே கையில் கொடுத்தது. நாம் அதை வாழ்த்து மடலாக்கிவிட்டோம்.

அந்த வினாக்களைக் கேட்கும் களம் ஒன்று நாட்டின் சட்டத்திலேயே உண்டு. 2006ஆம் ஆண்டின் சுற்றுச்சூழல் தாக்க மதிப்பீட்டு அறிவிக்கையின்படி நடக்கும் பொதுமக்கள் கருத்துக்கேட்புக் கூட்டம் அது. எண்ணூர் அனல்மின் நிலையம் 1970 முதல் இயங்கி 2017 மார்ச் இறுதியில் மூடப்பட்டது. அதன் இடத்தில் 660 மெகாவாட் திறனுள்ள புதிய அலகு ஒன்றை அமைக்கும் திட்டத்துக்காக 2024 டிசம்பரில் எர்ணாவூரில் அத்தகைய கூட்டம் நடந்தது. கடும் எதிர்ப்பு எழுந்தது. அதே ஆண்டு மார்ச்சில்தான் வடசென்னை அனல்மின் நிலையத்தின் 800 மெகாவாட் மூன்றாம் நிலை தொடங்கிவைக்கப்பட்டிருந்தது. பக்கத்தில் வல்லூரில் 1500 மெகாவாட். வல்லூரும் அத்திப்பட்டும் மாநகராட்சி எல்லைக்கு அப்பால், திருவள்ளூர் மாவட்டத்தில் இருப்பதால் மாநகரின் செயல்திட்டம் அங்கே கை நீட்ட இயலாது. காற்றுக்கு அந்த எல்லை தெரியாது என்பதுதான் சிக்கல்.

இங்கே நாம் தொடக்கத்தில் கண்ட கூற்று தலைகீழாகிறது. காலநிலைக் கொள்கையை மக்கள் ஏற்க மறுக்கிறார்கள் என்றார்கள். எர்ணாவூரில் நிலக்கரி வேண்டாம் என்றவர்கள் மக்கள். வேண்டும் என்றது, தமிழ்நாடு காலநிலை மாற்ற இயக்கத்தைத் தொடங்கிய அதே அரசின் மின்வாரியம். ஏற்றுக்கொள்ளத் தயங்கியவர் யார்?

ஆயினும் எதிர்ப்பை நாம் புனிதப்படுத்திவிடக் கூடாது. அனல்மின் நிலையத்தை நம்பி உலை வைக்கும் ஒப்பந்தத் தொழிலாளர் குடும்பங்களும் இதே தெருக்களில்தான் வாழ்கின்றன. ஞாயிறன்று இதே ஆலயங்களில் நமக்கருகில் முழந்தாளிடுகின்றன. மீனவர் படகுக்கு ஊற்றும் டீசலின் விலையை உயர்த்தும் கொள்கை எதுவாயினும், அது எத்துணை நன்னோக்கம் உடையதாயினும், முகத்துவாரத்தில் முதலில் பசியாகவே வந்திறங்கும். பிரான்சு நாட்டில் 2018இல் எரிபொருள் வரி உயர்வுக்கு எதிராக மஞ்சள் மேலாடை அணிந்து வீதிக்கு வந்தவர்களின் முறையீடும் இதுவே. சுமை யார் தோளில் என்ற வினாவுக்கு விடை சொல்லாத கொள்கையை அங்கேயும் மக்கள் ஏற்கவில்லை. அவ்வாண்டு டிசம்பரில் அரசு பின்வாங்கியது. நிலக்கரியை விட்டு நீங்கும் நாளில் அந்த ஒப்பந்தத் தொழிலாளர்களுக்கு என்ன வழி என்பதை எழுதாத எந்தத் திட்டமும் எண்ணூரை இரண்டாகப் பிளக்கும். கொடுங்கையூரிலும் இதே பாடம் உண்டு. குப்பையை எரித்து மின்சாரம் எடுப்பது தூய்மையான வழி என்று அங்கே முன்வைக்கப்பட்ட திட்டத்துக்கு எதிராக 2025 மே மாதம் வடசென்னைக் குடியிருப்போர் மனிதச் சங்கிலியாக நின்றனர். பல பத்தாண்டுகளாகக் குப்பைமேட்டின் புகையைச் சுவாசித்தவர்களிடம், எரிப்பதே தீர்வு என்று சொல்வதற்கு முன் அவர்களுடைய மூச்சைக் கேட்டிருக்க வேண்டாமா?

கருத்துக்கேட்புக் கூட்டம் குறித்து இறுதியாக ஒன்று. அது மக்களின் இசைவைப் பெறும் கூட்டமன்று. கருத்தைக் கேட்கும் கூட்டம் மட்டுமே. மக்கள் அனைவரும் மறுத்தாலும் திட்டம் மேலே செல்லலாம். கூட்டம் தொடங்கக் குறைந்தது இத்தனை பேர் வந்திருக்க வேண்டும் என்ற விதியும் இல்லை. காட்டுப்பள்ளித் துறைமுக விரிவாக்கத்துக்கு அறிவிக்கப்பட்ட கூட்டம் 2021 சனவரியிலும் 2023 செப்டம்பரிலும் தள்ளிவைக்கப்பட்டதைப் போல, நாள் குறித்துவிட்டு மாற்றவும் முடியும். இத்தனை குறைகளோடும், எண்ணூர் மக்களே பேசுபவராக இடம்பெறும் எழுத்து ஒன்று இதிலிருந்துதான் பிறக்கிறது. அதுவே கூட்டத்தின் நடவடிக்கைக் குறிப்பு. யார் எதைக் கேட்டார், அதற்குத் திட்டத்தார் என்ன விடை தந்தார் என்று அதில் பதிவாக வேண்டும். செயல்திட்டத்தில் இல்லாத மறுமொழி இதில் உண்டு. பாடலில் ஒற்றைக் குரலாக ஒலித்தது இதில் பல குரலாகிறது.

திறனாய்வாளர் எவரும் இதுவரை இக்குறிப்புகளைக் கையில் எடுத்ததாக நமக்குத் தெரியவில்லை. எடுக்க வேண்டும். கூட்டம் முடிந்ததும் அதன் சுருக்கத்தை வந்திருப்போர் முன் வாசித்து, வட்டார மொழியில் விளக்கி, அன்றைக்கே மாவட்ட ஆட்சியர் கையொப்பமிட வேண்டும் என்பது விதி. கூச்சலும் தள்ளுமுள்ளும் அடங்கிய அந்தக் கடைசி நேரத்தில், தான் சொன்னது சொன்னபடியே எழுதப்பட்டிருக்கிறதா என்று கேட்க எத்தனை பேர் பந்தலில் காத்திருக்கிறார்கள்? அவர்களுள் நம் பங்கு மக்கள் எத்தனை பேர்?